பம்பு மேல் தப்பில்லை

பம்பு இறைக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால் அக்கா பம்பைப் பார்க்க மாட்டார். பீப்பாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலை மடக்கி, மேலேயிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று அடங்கும். அந்த இடத்தில் விரலை வைத்து, "எண்ணெ இதுவரைக்கும் இருக்குது" என்பார். பிறகு மூன்று கேள்விகள். கடைசியாக எப்போது இறைத்தது? அதற்கப்புறம் யார் தொட்டது? கைப்பிடி இறுகிப் போச்சா, இல்லை சும்மா சுத்துதா? மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் பம்பின்மேல் கை வைப்பார். வைப்பதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்.

"பம்பு மேல தப்பில்ல."

ராயக்கோட்டை ரயில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த எண்ணெய் டிப்போ இருந்தது. தகரக் கூரை, கம்பிவேலி, உள்ளே இரண்டு வரிசை பீப்பாய்கள். ஒரு வரிசை விளக்குக்கும் அடுப்புக்குமான கிருஷ்ணாயில். மற்றது கிணறு இறைக்கும் எஞ்சின்களுக்கான குரூடாயில். வரிசைக்கு ஒரு கைப்பம்பு. பீப்பாயின் பெரிய வாயில் அதைத் திருகி உட்கார வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், அடிவரை இறங்கியிருக்கும் குழாய் வழியாக எண்ணெய் ஏறி, மூக்கு வழியாகத் தகர டின்னில் விழும். அவ்வளவுதான் அந்த இயந்திரம். அதைச் சுற்றுவதும் துடைப்பதும் பழுது பார்ப்பதும் அவருடைய வேலை. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய தாளை அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனபோது மடியில் கட்டிக்கொண்டு போய்த் தரகர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். எனக்கும் கர்வம் இருந்தது. இருந்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமில்லை. பெண்பிள்ளையை டிப்போவில் உட்கார வைப்பதா என்று யோசித்த மானேஜர், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரியென்றார். அச்சுக் கோத்த மாதிரி இருக்கும்.

அதனால் முதல் மாதம் அவரை நான் அக்கா என்று கூப்பிடவில்லை. "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டேன். கிரீசு ஊறிய சேலை, நகக்கண்ணில் கறுப்பு, தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த பேச்சு. வீட்டில் அவர்களுக்குத் தெலுங்கு. வயது முப்பத்தைந்து இருக்கலாம். என்னைக் "கிளார்க்கம்மா" என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய மனிதர்கள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் ஒன்று உண்டு. அதைச் சூட்டியவர் ஒரு லாரி டிரைவர். கிருஷ்ணகிரி ரோட்டில் ஓடுகிறவர். ஒருநாள் குரூடாயில் வாங்க வந்தபோது பம்பு வெறுமனே சுற்றியது. எண்ணெய் வரவில்லை. டிரைவர் ஸ்பேனரை எடுத்து அதன் தலையில் இரண்டு போட்டார்.

அக்கா எழுந்து வந்து ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"அடிச்சா சொல்லிடுமா அது?"

"பழைய பம்பும்மா இது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லு உங்க மானேஜர."

"உன் லாரி எந்த ஊர்ல நின்னாலும் தூக்கிப் போட்டுட்டுத்தான் வர்றியா நீ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சோப்பைக் குழைத்து நுரையாக்கி, குழாயும் பம்பும் சேருகிற இடத்தில் பூசினார். "சுத்து, மெதுவா" என்றார். டிரைவர் சுற்றினார். நுரை ஓரிடத்தில் மட்டும் உள்ளே போய்க் காணாமல் போனது. "இதோ, இங்க குடிக்குது" என்று கழற்றிக் காட்டினார். தோல் வாசர் வெடித்திருந்தது. புது வாசரை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டே சொன்னார். "பம்பும் நல்லாத்தான் இருக்குது. பைப்பும் நல்லாத்தான் இருக்குது. சேர்ற எடத்துலதான் சீக்கு."

"பம்புக்கு வக்கீல் வெச்சிருக்காங்கய்யா இந்த டிப்போவுல" என்றார் டிரைவர். அன்றிலிருந்து அக்கா ‘பம்பு வக்கீல்’.

அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தியது என்று எனக்குத் தெரிந்தது சில வாரங்களுக்குப் பிறகு. புதிதாக வந்த பம்போடு ஒரு இங்கிலீஷ் காகிதம் இருந்தது. மானேஜர் கொடுத்தார், நான் படித்தேன். எட்டணா வேலையென்றாலும் இங்கிலீஷில் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா. கைப்பிடித் தண்டோரம் எண்ணெய் கசிந்தால் அங்கிருக்கும் இரண்டு மரைகளை முறுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே ஸ்பேனரை எடுத்து முறுக்கினேன். கசிவு நின்றது. கைப்பிடியும் நின்றது. அசைக்க முடியவில்லை.

திரும்பி வந்த அக்காவிடம் மானேஜர், "காகிதத்தைப் பார்த்துப் பண்ணின லட்சணம்" என்று என்னைக் காட்டினார். எனக்குக் காது சுட்டது.

அக்கா காகிதத்தைத் தொட்டார். "இதுல என்ன போட்டிருக்குது, கிளார்க்கம்மா?"

"முறுக்கணும்னு போட்டிருக்கு."

"எவ்வளவுன்னு போடலியா?"

மறுபடி படித்தேன். அடுத்த வரியிலேயே இருந்தது. இரண்டையும் சமமாக, ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம் என்று. அவசரத்தில் விட்டிருந்தேன். சொன்னேன்.

"பாத்தீங்களா சார், காகிதத்து மேல தப்பில்ல" என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு, மரைகளைத் தளர்த்த உட்கார்ந்தார். என் மேல் தப்பு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கசியாமலிருக்கத் தண்டைச் சுற்றி வைத்திருந்த எண்ணெய் தோய்த்த நூல்திரியை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு மாசம் வரும்" என்று தனக்குள் பேசிக்கொண்டார்.

இது எல்லாம் கேட்கச் சுகமாக இருக்கிறது. கூட இருக்கிறவர்களுக்கு அப்படி இருக்கவில்லை.

அந்த வேலை முதலில் அவர் கணவருடையது. லாரியிலிருந்து பீப்பாய் இறக்கும்போது கயிறு அறுந்து வலது கை நசுங்கிவிட்டது. அவர் குணமாகி வரும்வரை என்று அக்கா பம்புக்கு வந்தார். வருஷம் இரண்டாயிற்று, கை சரியாகவில்லை. டிப்போவின் பின்பக்கத் தகர அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். வேலை இருக்கும்வரை அறை. மானேஜர் தன் ஊர்ப் பையன் ஒருவனை அந்த வேலையில் போடக் காத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். "இன்னும் ஒரு புகார் வரட்டும்" என்று என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார்.

அன்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த கூலிக்காரர் அதற்குப் பிறகும் டிப்போவுக்கு வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் அக்கா அவருக்கு மோர் கொடுப்பார். கணவர் அறைக்குள்ளிருந்து கத்துவார்.

"என் கையைத் தின்னவனுக்கு மோரு! உனக்கு எவன் மேலயும் கோவமே வராதா?"

"அவர் விடல. கயிறு மக்கிப் போயிருந்துச்சு. நான் எடுத்துப் பாத்தேன்."

"ஆமா, எல்லாத்தயும் எடுத்துப் பாரு. புருசன ஒருநாளு பாரு."

அந்த அறுந்த கயிற்றின் துண்டு ஒன்றை அவர் அறையின் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நான் பார்த்திருக்கிறேன். கை நசுங்கிப்போன மனிதர் கண்ணெதிரே அதை எதற்கு மாட்ட வேண்டும்? அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கியதில்லை. நியாயத்தை இவ்வளவு நேராகப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பயமாக இருக்கும்.

எழுத்துக்கு வருகிறேன்.

அக்கா பீப்பாய்களின்மேல் சுண்ணாம்பால் குறி போடுவார். வட்டம் என்றால் தொடாதது. வட்டத்துக்குள் கோடு என்றால் பாதி. அடியில் தண்ணீர் கலந்திருந்தால் அலை மாதிரி ஒன்று. அவருக்கும் இரண்டு வண்டிக்காரர்களுக்கும் அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னக்கா இது, கோலம் போட்டு வச்சிருக்கீங்க? நாலு எழுத்து கத்துக்கிட்டா என்ன?"

"இந்த வயசுலயா?"

"எங்கப்பாவுக்கே நான் கையெழுத்துப் போடச் சொல்லித் தந்திருக்கேன்."

மத்தியான வேளையில் பீப்பாய் மூடியின்மேல் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினேன். இரண்டு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும், தன் பெயரை எழுதவும், ‘பாதி’, ‘தண்ணி’, ‘காலி’ என்று பீப்பாய்மேல் எழுதவும் பழகிவிட்டார். கை பம்புக்குப் பழகிய கை. எழுத்துகள் அழுத்தமாக, கோணாமல் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு நாள் அவர் மடக்கினார். தெலுங்கில் கழுதைக்கு ஒரு சொல் சொன்னார். அது தங்கத்தில் வருகிற ‘க’வின் ஓசையில் தொடங்கும். "இதுக்கு வர்ற எழுத்தும் காக்காய்க்கு வர்ற எழுத்தும் ஒண்ணா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான். தமிழில் ரெண்டுக்கும் ஒரே எழுத்து."

"அப்புறம் எது கழுதை, எது காக்காய்னு எப்படித் தெரியும்?"

"படிக்கிறவங்களுக்குத் தெரியும்கா" என்றேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கால்வாசி மிச்சமிருந்த குரூடாயில் பீப்பாய் ஒன்றை மழைக்காக இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். பீப்பாய்க்கு இரண்டு மூடி. பெரியதில் பம்பு உட்காரும். சின்னது காற்றுக்கு. எண்ணெய் வெளியே வர வர அந்தச் சின்ன வாய் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கைப்பிடி இறுகிவிடும், பீப்பாயின் விலா உள்வாங்கும். மழை விட்டபின் அக்கா பம்பை மாட்டியபோது சின்ன மூடி துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம். மறுநாள் விடியலில் கணவரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், கையில் சீழ் வைத்திருந்தது. மூடியைச் சுற்றிக் கிருஷ்ணாயில் ஊற்றி ஊற வைத்துவிட்டு, பம்பைக் கழற்றிப் பெரிய வாயை மூடி, பீப்பாயை ஓரமாக உருட்டி வைத்து, சின்ன மூடிக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனார்.

‘காலி’ என்று எழுதியிருந்தது.

காலையில் அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ‘லி’ எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்பதுதான். வெற்றுப் பீப்பாய்களை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக வண்டிக்காரர் வந்து நின்றார். கன்னடக்காரர், வயதானவர். அந்தப் பீப்பாயையும் ஏற்றச் சொன்னேன். அவர் சாய்த்துப் பார்த்தார்.

"உள்ள குலுங்குதம்மா."

"அடியில கசடு இருக்கும். காலின்னு எழுதியிருக்கு, பாக்கலியா?"

"நமக்கு எழுத்து எங்க தெரியும்? கைக்குத்தான் தெரியும். கை கனம்ங்குது."

"கைக்கு வயசாயிடுச்சு தாத்தா, ஏத்துங்க" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றினார். தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியிருக்கும்போது எதற்குத் தட்டுவது?

பதினோரு மணிக்குப் பீப்பாய் திரும்பி வந்தது. வெற்றுப் பீப்பாய் என்று அனுப்பியதில் கால்வாசி எண்ணெய் இருக்கிறதே, இது என்ன வியாபாரம் என்று கூட்ஸ் ஷெட்டில் கேட்டு அனுப்பியிருந்தார்கள். மானேஜர் அந்த எழுத்தைப் பார்த்தார்.

"இது யார் எழுத்து?"

"அக்கா எழுதினது, சார்."

"இதுக்குத்தான் எழுத்துப் படிச்சாளா? எண்ணெயை உள்ளே வச்சுக் காலின்னு எழுதி வெளியே அனுப்பறது, அந்தப் பக்கம் ஆள் வச்சு எடுத்துக்கறது. அதான் விடியறதுக்கு முந்தியே ஓடிட்டா."

‘நான்தான் ஏற்றச் சொன்னேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பின்பக்கம் ஆளை அனுப்பிவிட்டார். அப்புறம் அதைச் சொல்ல நான் முயற்சி செய்யவும் இல்லை. தகர அறையிலிருந்து பாய், இரண்டு பானை, ஒரு தகரப்பெட்டி எல்லாம் வெளியே வந்தன.

மத்தியான பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள். கணவரின் கையில் புதுக் கட்டு. அறை வாசலில் கிடந்த சாமான்களைப் பார்த்து அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சாமான்களைப் பார்த்தார், மானேஜர் கத்துவதைக் கேட்டார், பிறகு நேராகப் பீப்பாயிடம் போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேலேயிருந்து தட்டிக்கொண்டே வந்தார்.

"அளவு அப்படியேதான் இருக்குது. இதை யாரு நகத்தினது?"

நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மானேஜர் குரலை உயர்த்தினார். "கேள்வி நான் கேக்கறேன். காலின்னு ஏன் எழுதினே?"

"காலி போகலை சார், அதான் எழுதினேன்."

"காலி போகலையா? என்னடி உளர்றே?"

"இந்த மூடி புடிச்சுக்கினுச்சு. காலி உள்ள போகாம எப்படி எண்ணெ வரும்?"

"எண்ணெய் இருக்கு, ஆனா காலி. இதுக்கு அர்த்தம் சொல்லத்தான் உன்னை வக்கீல்னு கூப்பிடறாங்களா?"

வேலியோரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர் அங்கிருந்தே சொன்னார். "சாமீ, அது அந்தக் காலி இல்ல. அவங்க பாஷைல காலின்னா காத்து. நாங்க காளிம்போம், அவங்க காலிம்பாங்க. வீசறது ஒரே காத்துதான்."

இதை எழுதும்போது இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்கு இப்போதும் வழியில்லை. காகிதத்தில் இரண்டும் ஒன்றே. அக்கா எழுதியது தங்கத்தின் ‘க’வில் தொடங்கும் காற்று. நான் படித்தது காக்காயின் ‘க’வில் தொடங்கும் வெறுமை. ‘படிக்கிறவங்களுக்குத் தெரியும்’ என்று நான் சொல்லியிருந்தேன்.

மானேஜர் நம்பவில்லை. சேலத்துக்காரர், அவருக்கும் தெலுங்கு வராது. அக்கா பம்பைக் கொண்டுவந்து பெரிய வாயில் மாட்டினார். சுற்றினார். எண்ணெய் வந்தது. சுற்றிக்கொண்டே இருந்தார். முப்பது நாற்பது சுற்றுக்குப் பிறகு கைப்பிடி இறுகியது. இரண்டு கையாலும் அழுத்தினார். டப்பென்று பீப்பாயின் விலா உள்ளே போயிற்று. மானேஜர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ராத்திரி முழுக்க ஊறியிருந்த சின்ன மூடியின்மேல் அக்கா ஈரச் சாக்கைப் போட்டு ஸ்பேனரால் மெல்ல நெம்பினார். மூன்றாம் நெம்பலில் அது விட்டது. ‘ஸ்ஸ்’ என்று வெளிக்காற்று உள்ளே பாயும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. விலா மறுபடி வெளியே வந்தது.

"காலி" என்றார் அக்கா, மூடியைக் காட்டி.

கணவர் தரையிலிருந்து கத்தினார். "சொல்லேண்டி! படிச்சவ அந்தப் பொண்ணு. இங்க படிச்சுப் பாத்து ஏத்தச் சொல்றவ அவ ஒருத்திதானேன்னு சொல்லேன், இப்பவாவது!"

அக்கா என்னைப் பார்க்கவும் இல்லை. பம்பைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

திருட்டு இல்லை என்று மானேஜருக்கு விளங்கிவிட்டது. ஆனால் கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு பதில் தர வேண்டும். என்னை உள்ளே கூப்பிட்டு எழுதச் சொன்னார். ‘எனது எழுத்துப் பிழையினால் மேற்படி பீப்பாய் தவறுதலாக அனுப்பப்பட்டது. இனி இவ்வாறு நேராது’ என்று அக்கா எழுதிக் கொடுப்பதாக. "கையெழுத்து வாங்கு. இது ஃபைலில் இருக்கட்டும். அடுத்த தடவை பேச்சே வேண்டாம், இதைக் காட்டியே அனுப்பிடலாம்" என்றார்.

நான் எழுதினேன். என் அழகான கையெழுத்தில்தான் எழுதினேன்.

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து மேஜைக்கு எதிரே நின்றார். நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் வார்த்தையில் விரலை வைத்தார். எ. ன. து. எழுத்து எழுத்தாக நகர்ந்து வந்தார். மானேஜர் பொறுமையிழந்து நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். விரல் ஒரு வார்த்தையில் நின்றது.

"பி... ழை. பிழைன்னா தப்புதானே?"

"ஆமாம்கா."

"நான் எழுதினதுல தப்பு எங்க இருந்தது?"

நீட்டிய பேனாவை நான் மேஜைமேல் வைத்தேன்.

"கா போட்டேன். லி போட்டேன். ரெண்டுக்கும் ஒரே எழுத்துன்னு நீதானே சொன்னே? வேலையை விட்டுப் போன்னா போறேன், சார். சாமான் வெளியதான் இருக்குது. தப்பா எழுதினேன்னு மட்டும் போட மாட்டேன். எழுத்து மேல தப்பில்ல."

இத்தனை நாளும் கண்ணெதிரே பார்த்ததுதான். இரும்புக்காக, காகிதத்துக்காக, மக்கிய கயிற்றைப் பிடித்திருந்த ஒருவருக்காக அவர் வாதாடியிருக்கிறார். அன்று அவர் தனக்காகப் பேசவில்லை. நான் மத்தியான வெயிலில் பீப்பாய் மூடியின்மேல் எழுதிக் காட்டிய அந்த இரண்டு எழுத்துக்காகத் தன் அறையைக் கொடுக்க நின்றார்.

அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். மானேஜர், "ஏய், என்ன பண்றே?" என்றார். வேறொரு தாள் எடுத்து எழுதினேன். ‘பீப்பாயின்மேல் எழுதியிருந்தது சரி. அதைத் தவறாகப் படித்தவள் நான். வண்டிக்காரர் கனமாக இருக்கிறது என்று சொல்லியும், தட்டிப் பார்க்காமல் ஏற்றச் சொன்னவளும் நான். நடந்த எல்லாவற்றுக்கும் முழுப் பொறுப்பும் என்னுடையதே.’ கீழே என் பெயரைப் போட்டேன். அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு உள்ளே ஒரு பெருமிதம்கூட இருந்தது. மறைப்பானேன்.

"உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்கறே" என்றார் மானேஜர். "எனக்கு யார் பேர் இருந்தாலும் ஒண்ணுதான். கொடு."

"இருங்க சார்" என்றார் அக்கா.

இந்தத் தாளையும் தன் பக்கம் திருப்பினார். மறுபடி முதல் எழுத்திலிருந்து. வெளியே எண்ணெய்க்கு வந்தவர்கள் டின்களைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் நிமிரவில்லை. ‘மு... ழு... ப்... பொ...’ என்று வந்த இடத்தில் நின்று, அந்த வரியைத் திரும்ப ஒரு தடவை கூட்டிப் படித்தார்.

"இது கொஞ்சம் அதிகம், கிளார்க்கம்மா."

"உண்மைதானேக்கா?"

"நீ படிச்சது தப்பு. தட்டிப் பாக்காதது தப்பு. அது சரி. மூடி துருப்புடிச்சது? அது இதுல எங்க இருக்குது?"

"அது எதுக்கு இதில்..."

"எல்லாத்தயும் நீயே எடுத்துக்கிட்டா மூடிய எவன் பாப்பான்? அடுத்த மழைக்கு இன்னொரு ட்ரம்மு இப்படியே நிக்கும். அதையும் எழுது. மழைக்கு மூடறதுக்கு முன்னாடி சின்ன மூடிக்குக் கிரீசு வைக்கணும்னு எழுது. வைக்காதது நான்னும் எழுது."

கடைசி வரியை அடித்துவிட்டு அதை எழுதினேன். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் எழுதினேன். அக்கா அந்த மூன்று வரிகளையும் விரலை வைத்துப் படித்து முடித்தார். பேனாவை வாங்கித் தன் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதினார். மானேஜர் தாளை எடுத்து ஃபைலில் வைத்தார். பிறகு வெளியே போய், தன் சாமான்களைத் தாண்டி, டின்னோடு நின்றவர்களிடம் யார் முதலில் வந்தது என்று கேட்டார்.